புள்ளி பெறாத ஊர்ப்பெயர்

காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரை வரலாறு இரு போர்களால் அறியும். மகேந்திரவர்மன் தன் பகைவரை இங்கு வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு கூறும் போர் ஒன்று. 1780-இல் ஐதரலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்த போர் மற்றொன்று. ஆங்கிலேயர் பதிவுகளில் ஊர் 'பொள்ளிலூர்' ஆயிற்று. நான் இங்கே பேச விரும்புவது போரைப் பற்றி அன்று. அப்பெயரின் எழுத்தைப் பற்றி.

ஓலைச்சுவடி வழக்கில் இப்பெயரை எழுதினால் 'புளளலூர' என்றிருக்கும். மெய்க்குப் புள்ளி உண்டென்று தொல்காப்பியம் விதித்திருந்தும் ஏடெழுதியோர் பெரும்பாலும் அதை இடுவதில்லை. ரகரத்துக்கும் காலுக்கும் ஒரே வடிவம். எகர ஏகாரங்களுக்கும் வேறுபாடில்லை.

எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்பதே இதற்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம். ஆனால் கல் கிழியாதே! சோழர் கல்வெட்டுகளிலும் புள்ளியைக் காண்பது அரிது. ஓலையில் பழகிய கையின் வழக்கம் கல்லுக்கும் சென்றிருக்க வேண்டும் எனக் கருதுகிறேன்.

விடுபட்ட புள்ளியைப் படிப்பவரே இட்டுக்கொண்டார். ஆசிரியர் வாயிலாகப் பாடம் கேட்ட செவியே அதற்குத் துணை. இதே மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு (கி.பி. 921) குடவோலை முறையை விவரிக்கிறது. குடத்திலிருந்து எடுத்த ஓலையை மத்தியஸ்தன் விரித்த உள்ளங்கையில் வாங்கி வாசிக்க வேண்டும். பின்னர் அங்குள்ள நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும். மோசடியைத் தடுக்கும் ஏற்பாடுதான் இது. ஆயினும், ஓலையில் இருப்பது பலர் குரலில் ஒலித்த பின்னரே உறுதியாகிறது என்பதை நோக்குக.

பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகாரங்களை வடிவால் பிரித்தார். பின்னர் அச்சு புள்ளியை நிலைநிறுத்தியது. உ.வே.சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டு 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, ஏடு படிப்பவரிடம் விட்டிருந்த முடிவுகளைப் பதிப்பாசிரியர் ஏற்றார். இன்று ஒருங்குறியில் 'க்' என்பது ககரமும் புள்ளியுமாக இரு குறிகள். ஓலை ஒதுக்கிய புள்ளி கணினிக்கு இன்றியமையாததாகிவிட்டது.

இதனால் படிப்பு எளிதாயிற்று. தமிழறிந்த எவரும் துணையின்றிப் படிக்கலாம். ஆனால், புள்ளியிடப்பட்ட பக்கத்தில் மட்டுமே பழகிய நமக்கு ஏடு அயலாகிவிட்டது. சுவடிகளைப் படமெடுத்துச் சேமிக்கும் பணி போற்றத்தக்கதே. ஆயினும் படத்திலும் புள்ளி இராது. முதுகலைத் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் சில ஏடுகளையேனும் வாய்விட்டுப் படித்துப் பழகினாலன்றி, காப்பாற்றிய சுவடி நம்மிடம் பேசாது.