கரிசற் சீமையில் இளம்பிராயத் தாய்மை

கோவில்பட்டிக்குத் தெற்கே திருநெல்வேலிச் சாலையில் உள்ள இடைசெவலிலும் அதைச் சூழ்ந்த வானம் பார்த்த கரிசற் கிராமங்களிலும், இருபது வயது நிரம்பாத பெண்கள் பிள்ளை பெற்ற சரித்திரம் அநேகமாக அவர்களுடைய விவாக வயதின் சரித்திரமே ஆகும். இங்கிலாந்தில் 1971-ஐ ஒட்டி உச்சத்தை எட்டிய இளம்பிராயப் பிரசவங்கள் பிற்காலத்தில் பெரும்பாலும் மணவாழ்க்கைக்கு வெளியே நேர்ந்தன. இங்கோ தாலி ஏறிய பிறகே தூளி ஆடியது.

பிராமணரிடையே பெண் ருதுவாகுமுன் மணம் முடிப்பது சென்ற நூற்றாண்டின் தொடக்கம்வரை வழக்கமாயிருந்தது. 1897-இல் எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதிக்கு மனைவியாக வாய்த்த கடையத்துச் செல்லம்மாளுக்கு அப்போது ஏழு வயது. மூத்த மகள் தங்கம்மாள் 1904-இல் பிறந்தபோது அந்தத் தாய்க்குப் பதினான்கு வயதே ஆகியிருந்தது. பால்ய விவாகத்தைப் பிற்காலத்தில் பாரதி அத்தனை கடுமையாகக் கண்டித்தது, தம் இல்லத்திலேயே அதைக் கண்டவர் என்பதால் நமக்கு இன்னும் ஆழமாகப் படுகிறது.

குடியானவர்களிடையே பெண் சமைந்த பின்பே கல்யாணம். ஆனால் அந்தப் 'பின்பு' நெடுங்காலமாக நீண்டதில்லை. தாய்மாமன் குச்சில் கட்டிச் சீர் செய்து முடித்ததும் முறைமாப்பிள்ளை வீட்டார் பேச்செடுப்பர். பருத்தி விற்ற பணம் கைக்கு வந்ததும் கல்யாணம். தலைப்பிரசவம் தாய்வீட்டில், ஊர் மருத்துவச்சியின் கையில். பேறுகாலத்தில் தாயையும் சிசுவையும் பறிகொடுத்த குடும்பங்கள் அதை விதி என்றே ஏற்றுக்கொண்டன. பிழைத்த பெண், கருவேலமரக் கிளையில் பழைய சேலையைத் தூளியாகக் கட்டிப் பிள்ளையை அதில் கிடத்திவிட்டு, அழுகுரலுக்கு ஒரு செவியைக் கொடுத்தபடியே பருத்தி எடுப்பாள்.

1891-இல் உடன்பாட்டு வயதைப் பன்னிரண்டாக்கிய சட்டமும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் குரல்கொடுத்த காலத்தில் உருவாகி 1930 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்து பெண்ணின் விவாக வயதைப் பதினான்காக்கிய சாரதா சட்டமும், அவ்வயதை 1949-இல் பதினைந்தாகவும் 1978-இல் பதினெட்டாகவும் உயர்த்திய திருத்தங்களும் மேன்மையானவையே. எனினும், பிள்ளை பிறந்த காலத்தைப் பஞ்சத்தையும் பெருமழையையும் கொண்டு கணக்கிட்டு, பெண்ணின் பிராயத்தை அவள் சமைந்து எத்தனை வருஷம் என்று சொல்லிவந்த ஊரில், வயதை வரம்பாகக் கொண்ட சட்டம் எதைப் பற்றி நிற்கும்? பெண்ணுக்குக் காகிதத்தில் ஒரு வயதைத் தந்தது பள்ளிக்கூடமே என்பது என் துணிபு.

காமராஜர் காலத்தில் 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் விரிவடைந்த சத்துணவும் ஏழைப் பெண்குழந்தைகளை வகுப்புக்கு இழுத்துவந்தன. எட்டாம் வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணுக்குத் திருமண உதவி வழங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம் 1989-இல் வந்தபோது, பெண்ணைப் பள்ளியில் நிறுத்தி வைப்பதற்கு வீட்டாருக்கு ஒரு பொருளாதார நியாயமும் கிடைத்தது. தீப்பெட்டி ஆபீஸோ வேறுவிதமாக வேலை செய்தது: விடியுமுன் வண்டியேறிப்போய்த் தீக்குச்சி அடுக்கிய சிறுமி வீட்டுக்குக் கூலி கொண்டுவந்ததால் அவள் கல்யாணத்தைத் தள்ளிப்போடத் தோன்றியது, ஆனால் அந்தக் கூலி அவளுடைய படிப்பை விலையாக வாங்கிக்கொண்டது. அதை நல்ல மாற்றம் என்று எழுத மனம் ஒப்பவில்லை.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பதினெட்டுக்கு முன் மணமானவர்களின் விகிதம், 20 முதல் 24 வயதுப் பெண்களிடையே, 2015-16-இல் 16.3 சதவீதமாயிருந்து 2019-21-இல் 12.8 ஆகக் குறைந்தது. ஆயினும் 15 முதல் 19 வயதினரில் தாயானவர்களும் கர்ப்பிணிகளும் சேர்ந்து 5.0 சதவீதத்திலிருந்து 6.3 ஆக ஏறியிருப்பது கவலைக்குரியது. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்களைத் தண்டிக்க 2012-இல் வந்த போக்சோ சட்டமும், பதினெட்டு நிரம்பாத மனைவிக்கும் பாதுகாப்பை விரித்த 2017-ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பும் அச்சிறுமியைக் காக்கவே வந்தன. ஆனால் கணவன் சிறைக்குப் போவான் என்ற பயம் அவளை ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே திருப்பிவிடவும் கூடும். முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் வழங்கப்படும் மகப்பேறு நிதியுதவியும் பத்தொன்பது வயது நிரம்பியவர்களுக்கே உரியது. ஆகவே, மகளின் வயதைக் கூட்டிச் சொல்லும் தாயிடம் கிராமச் செவிலியர் கேட்பது அந்த மகள் படித்த பள்ளியின் சான்றிதழைத்தான்.