ஏழு தந்திக்கு இருந்த தேவை

பெங்களூரு மல்லேஸ்வரத்தை ஒட்டி நிற்கும் சௌடையா நினைவு மண்டபம் வயலின் வடிவிலேயே கட்டப்பட்டது. தந்தி, குதிரை, வில் என்று எல்லாம் கட்டடத்தின் அங்கங்களாகவே அமைந்திருக்கின்றன. 1980இல் அது திறக்கப்பட்டது. ஈஜிபுராவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த இடம் ஊரின் மறு கோடி. என்றாலும் கச்சேரி, நாடகம் என்று பேச்சு வந்தால் அந்தப் பெயரும் கூடவே வந்துவிடும். பெயருக்குரிய வயலின் வித்துவான் மைசூர் டி. சௌடையாவைப் பற்றிப் பொதுவாக நினைவில் நிற்பது ஒரே செய்திதான்: எல்லோரும் நாலு தந்தியில் வாசித்தபோது அவர் ஏழு தந்தி கட்டினார். மேதைகளுக்கு இப்படி ஏதாவது ஒரு விசித்திரம் இருக்கும் என்று அதை ஒதுக்கிவிடுகிறோம். அது சரியல்ல. ஏழு தந்தி, ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஒரு பக்கவாத்தியக்காரர் தம் தொழிலில் சந்தித்த சிக்கலுக்குத் தாமே கண்டுபிடித்த விடை. அவருடைய வாழ்க்கையையும் அந்தச் சிக்கலை வைத்துப் படித்தால்தான் முழுதாகப் புரியும்.

1895இல், காவிரியும் கபினியும் கூடும் திருமகூடலு நரசீபுரத்தில் பிறந்தவர் அவர். பின்னாளில் தாம் இயற்றிய கீர்த்தனைகளில் ‘திரிமகுட’ என்று முத்திரை வைத்ததும் அந்த ஊரை எண்ணித்தான். சிறு வயதிலேயே மைசூருக்குப் போய்ப் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் சேர்ந்து, நீண்ட காலம் குருகுலவாசம் இருந்தார். கிருஷ்ணப்பா வாய்ப்பாட்டுக்காரர்; தாசர் பதங்களைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்து பேர் வாங்கியவர். ஆக, சௌடையாவுக்கு வயலின் வந்தது பாட்டின் வழியாக. சாகித்தியம் எங்கே பிரிகிறது, பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறார், எந்த எழுத்தில் அழுத்தம் விழுகிறது என்பதெல்லாம் வில்லைப் பிடித்த கைக்குத் தெரிந்திருந்தது. வயலின் பாட்டைப் பின்பற்ற வேண்டும் என்ற கடமை, பாலுஸ்வாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் அந்த மேல்நாட்டு வாத்தியத்தை நம் சங்கீதத்துக்குப் பழக்கிய 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்துவருவது. சௌடையா அந்தக் கடமையைத் தம் குருவின் வீட்டிலேயே கற்றார்.

அவர் மேடை ஏறிய காலத்துக் கச்சேரியை எண்ணிப் பாருங்கள். கோவில் பந்தல், கல்யாண வீடு, ஓலைக் கொட்டகை, ஆயிரக்கணக்கில் ஜனம். பாடகர்கள் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று சுருதியை ஏற்றி வைத்துப் பாடினார்கள். செம்பை வைத்தியநாத பாகவதரின் வெண்கலக் குரல் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம், சில மேடைகளில் கஞ்சிராவும் கடமும் வேறு. நடுவே நாலு மெல்லிய தந்தியோடு வயலின். முன்வரிசைக்காரருக்குக் கேட்கும்; பந்தல் காலோரம் நிற்பவருக்கு வில் அசைவதுதான் தெரியும். பின்னால் இருப்பவருக்கும் எட்ட வேண்டும் என்றுதான் சௌடையா நாலில் மூன்று தந்திகளுக்குத் துணைத் தந்தி சேர்த்தார். அதற்குக் கொடுத்த விலை சிறியதல்ல. வில் ஒரே இழுப்பில் இரண்டு தந்தியைத் தொட வேண்டும். ஒரு விரல் இரண்டையும் சமமாக அழுத்த வேண்டும். கமகத்தில் விரல் சறுக்கும்போது இரண்டில் ஒன்று இம்மி பிசகினாலும் அபசுரம் இரட்டிப்பாகக் கேட்கும். சுருதி சேர்க்க வேண்டியதும் நாலல்ல, ஏழு. சும்மா புதுமைக்காக இந்தப் பாட்டைப் படுகிறவர் இருக்க மாட்டார்.

அப்படியானால் துவாரம் வேங்கடஸ்வாமி நாயுடு ஏன் நாலு தந்தியிலேயே கொடிகட்டிப் பறந்தார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாயுடுவின் நீண்ட வில்லும் நாதமும் யாருக்கும் சளைத்தவையல்ல. ஆனால் அவருடைய புகழில் பெரும் பங்கு தனிக் கச்சேரிக்கு உரியது. அங்கே மிருதங்கம் வயலினுக்குத் தக்கபடி அடங்கி வாசிக்கும். குரல் எதுவும் குறுக்கே வராது. சௌடையாவின் பிழைப்போ, செம்பை, அரியக்குடி, முசிறி, ஜி.என்.பி. என்று பெரிய பாடகர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆலாபனையில் அவர்கள் விட்ட இடத்தில் பிடித்து, அந்தக் கனத்திலேயே பதில் சொல்வது. ஏழு தந்தி பாட்டை அமுக்கிவிடும் என்ற குறையும் சொல்லப்பட்டது. அது உண்மையாக இருந்தால், முதலில் அவரைத் தவிர்த்திருக்க வேண்டியவர்கள் பாடகர்கள். நடந்தது வேறு. செம்பை, சௌடையா, மிருதங்கத்தில் பாலக்காடு மணி ஐயர் மூவரும் சேர்ந்தால் அது ஜனங்கள் தேடி வரும் கூட்டணியாயிற்று. சௌடையா தயாரித்த 1943ஆம் ஆண்டுக் கன்னடப் படமான ‘வாணி’யில் அந்த மூவரின் கச்சேரியே இடம்பெற்றது. பதினான்கு ஆண்டு கழித்தும் வித்துவான்கள் அவரைக் கீழே வைக்கவில்லை: 1957இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. நாலு தந்தியே தர்மம் என்று நினைத்தவர்கள் நிறைந்த ஊர் அது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. 1930களிலிருந்து ஒலிபெருக்கி சபாக்களில் நுழைந்துவிட்டது; தேவை போய்விட்டதே, பின் 1967இல் கண்மூடும் காலம்வரை ஏன் அவர் ஏழு தந்தியை விடவில்லை? இங்கே என் வாதத்துக்கு ஒரு எல்லை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தேவைக்காகப் பிறந்த ஓசை, வாசித்து வாசித்து அவருடைய குரலாகவே ஆகிவிட்டது. ஒலிப்பதிவுகளில் அந்த வயலின் ஒரு தனி ஆளின் நாதமாக அல்ல, இருவர் சேர்ந்து இழுப்பதுபோல அடர்த்தியாக ஒலிக்கிறது. கண்ணை மூடிக் கேட்டாலும் இன்னார் என்று தெரியும். இருபது, முப்பது ஆண்டு அந்த நாதத்திலேயே யோசித்துப் பழகியவரை மைக் வந்துவிட்டது, மூன்று தந்தியைக் கழற்றிவிடுங்கள் என்று யார் கேட்பது? ஆனால் அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. லால்குடி ஜெயராமன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன், டி.என். கிருஷ்ணன் மூவரும் மைக்கோடு வளர்ந்த தலைமுறை. மெல்லிய அசைவும் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும் என்று தெரிந்து, நாலு தந்தியில் நுணுக்கத்தைத் தேடிப் போனார்கள். சத்தத்துக்காகச் சுமக்க வேண்டிய பாரம் அவர்களுக்கு இல்லை. ஏழு தந்தி தோற்றுப்போகவில்லை. அது சுமந்துகொண்டிருந்த வேலையை மின்சாரம் வாங்கிக்கொண்டது. கர்நாடகத்தில் மட்டும் சிலர் அதை விடாமல் வைத்திருந்தார்கள். அவர்களில் ருத்ரபட்டணம் ஆர்.ஆர். கேசவமூர்த்தி, 2006இல் மறைந்தவர், இந்தப் பெங்களூரிலேயே ஏழு தந்தியில் வாசித்துவந்தார். அவர் வாசித்த மேடைகளிலெல்லாம் மைக் இருந்தது.