குக்கீயும் அச்சுமுறுக்கும்

டிசம்பர் பிறந்ததும் மெப்ஸ், ஓ.எம்.ஆர். பக்கம் வேலைக்குப் போகும் நம் குடியிருப்பு இளைஞர்கள் சிலருக்கு அலுவலகத்திலிருந்து ஓர் அழைப்பு வரும்: "குக்கீ எக்ஸ்சேஞ்ச்". ஆளுக்கு ஒரு வகையை இரண்டு மூன்று டஜன் செய்து கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டு, கொண்டுவந்த அளவுக்கு எல்லா வகையிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் போகலாம். "அமெரிக்கக்காரன் பழக்கம் நமக்கு எதற்கு?" என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. ஆனால் குக்கீயின் கதை நமக்கு அவ்வளவு தூரமில்லை.

'குக்கீ' என்பது டச்சுச் சொல்லான 'கூக்யே' என்பதிலிருந்து வந்தது. சின்ன கேக் என்று பொருள். இன்றைய நியூயார்க், 1664 வரை டச்சுக்காரர்களின் நியூ ஆம்ஸ்டர்டாம். அவர்கள் வழியாகத்தான் அமெரிக்க ஆங்கிலத்துக்குச் சொல் போனது; இங்கிலாந்தில் அது இன்றும் பிஸ்கட்தான். அதே டச்சுக்காரர்கள் நமக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1658 முதல் 1796 வரை இலங்கைக் கரையோரத்தை ஆண்டார்கள். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குச் செய்யும் 'கொக்கிஸ்' என்ற பலகாரத்தின் பெயரும் அந்த டச்சுச் சொல்லிலிருந்து வந்ததே என்பார்கள். கொக்கிஸைப் பார்த்தால் நம் வீட்டு அச்சுமுறுக்கு நினைவுக்கு வரும்: அரிசி மாவு, தேங்காய்ப்பால், கொதிக்கும் எண்ணெயில் பூ அச்சு.

ஆங்கிலோ இந்தியர் இதை ரோஸ் குக்கீ என்பர். பரங்கிமலை, பல்லாவரம், பெரம்பூர் என்று அவர்கள் வாழ்ந்த இடங்களில் கிறிஸ்துமஸ் தட்டில் ரோஸ் குக்கீயும், முள்கரண்டியின் முதுகில் சுருட்டிப் பொரித்த குல்குல்லும் தவறாது. அவர்களில் பலர் ரயில்வேக்காரர்கள். 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின் நம் பக்கமும் ஊராகிக் குடியேற்றம் பெருகியது. பல மதத்தார் ஒரே தெருவில் வாழ்ந்த இடங்களில் தீபாவளிக்கு அதிரசம் போகும், ரம்ஜானுக்கு பிரியாணி வரும், டிசம்பரில் கேக்கும் அச்சுமுறுக்கும் வரும்.

அந்தத் தட்டுக்கு ஒரு விதி இருந்தது: காலியாகத் திருப்பக் கூடாது. வீட்டில் ஒன்றுமில்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது வைத்துக் கொடுப்பார்கள். ஐப்பசியில் கொடுத்ததற்கு மார்கழியில் பதில் வரும். கணக்கு அன்றே தீராது. தீராததால்தான் உறவு தொடர்ந்தது. அலுவலக மேசையில் கணக்கு அன்றே தீர்ந்துவிடுகிறது. ஆனாலும் அதில் ஒரு நன்மை உண்டு. தட்டு, தெரிந்த வீட்டுக்குத்தான் போகும். மேசைக்கு நேற்று குடிவந்தவரும், தனியாக இருக்கும் இளைஞரும் வரலாம். எதிர்வீட்டுக்காரர் பெயரே தெரியாத அடுக்குமாடி வாழ்க்கையில் இது சிறிய விஷயம் அல்ல.

ஆகவே இரண்டையும் சேர்த்து இந்த டிசம்பரில் நம் சமுதாயக் கூடத்தில் ஒரு பலகாரப் பரிமாற்றம் நடத்தலாம் என்பது யோசனை. குக்கீதான் வேண்டும் என்றில்லை. தட்டை, முறுக்கு, ரவா லட்டு எதுவும் சரி. வீட்டுக்கு 2 டஜன் போதும். முட்டை, முந்திரி, வேர்க்கடலை சேர்த்திருந்தால் சீட்டில் எழுதி வைத்துவிடுங்கள். சமைக்க முடியாதவர்கள் கடையில் வாங்கி வரலாம். அதில் குறைவொன்றும் இல்லை. வேலை முழுவதும் வீட்டுப் பெண்கள் தலையில் விழாமல் ஆண்களும் ஒருநாள் அச்சைப் பிடிக்கட்டும். அச்சு எண்ணெயில் நன்றாகக் காய வேண்டும், மாவில் முக்கால் பங்குதான் முங்க வேண்டும். முழுக்க முங்கினால் முறுக்கு கழன்று வராது.

காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், வீட்டு வேலைக்கு வருவோர் ஆகியோருக்கும் மேசையில் பங்கு இருக்க வேண்டும். அவர்கள் எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை. கொண்டுவந்தவருக்கு மட்டும்தான் பங்கு என்ற விதியை அந்த ஓர் இடத்தில் நாம் தளர்த்திக்கொள்வோம்.