பிணையாய்ப் போன பிள்ளைகள்

 

கிளியூர் அருவி விழும் நம் சேர்வராயன் மலை ஆங்கிலேயர் கைக்குச் சென்ற வரலாற்றை நம்மில் சிலரே அறிவோம். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியை இழந்தார். பாராமகாலும் சேலமும் அவ்வாறே கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்தன. அத்துடன் 330 இலட்சம் ரூபாய் இழப்பீட்டுக்குப் பிணையாக, அப்துல் காலிக், முயிசுத்தீன் என்னும் தம் இளம் புதல்வர் இருவரையும் அவர் ஒப்படைத்தார். சென்னையில் வைக்கப்பட்டிருந்த அவர்கள் 1794இல் தந்தையிடம் திரும்பினர்.

இதே துயரம் அரை நூற்றாண்டுக்குள் வேறொரு மலைநாட்டிலும் நிகழ்ந்தது. கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையே உள்ளது காக்கேசிய மலை. 1801இல் ஜார்ஜியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்ட ருஷ்யப் பேரரசு, அந்நாட்டுக்குச் செல்லும் வழியைக் காக்க இடையிலிருந்த மலைமக்களை அடக்க முற்பட்டது. காடுகள் வெட்டப்பட்டன, கிராமங்கள் எரிக்கப்பட்டன, 1818இல் குரோஸ்னி கோட்டை எழுந்தது. தாகெஸ்தான், செச்சினிய மக்களை 1834 முதல் இமாம் ஷாமில் தலைமையேற்று நடத்தினார்.

1839இல் அகுல்கோ முற்றுகையின்போது, சமாதானப் பேச்சுக்காகத் தம் சிறுவயது மகன் ஜமாலுத்தீனைப் பிணையாகக் கொடுத்தார். சமாதானமோ கைகூடவில்லை, மகனும் மீளவில்லை. பீட்டர்ஸ்பர்க் நகருக்குக் கொண்டு செல்லப்பட்ட சிறுவன் ருஷ்யக் கல்வி பெற்று, ஜார் மன்னரின் படையிலேயே அதிகாரியானான். 1854இல் ஷாமிலின் வீரர்கள் ஜார்ஜிய இளவரசிகளைச் சிறைபிடித்தனர். அவர்களுக்கு ஈடாக 1855இல் மகன் திரும்பினார். பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. தாய்மொழியை ஏறக்குறைய மறந்திருந்த அவர் சொந்த மலையிலேயே அந்நியரானார். 1858இல் நோயுற்று இறந்தார். மறு ஆண்டே குனீபில் ஷாமில் சரணடைந்தார். பின்னர் ஹஜ்ஜுக்குச் செல்ல அனுமதி பெற்று, 1871இல் மதீனாவில் காலமாகி, ஜன்னத்துல் பகீஃயில் அடக்கமானார்.

மலைமக்களின் துயரம் அதனுடன் முடியவில்லை. 1864இல் சர்க்காசியர் இலட்சக்கணக்கில் உதுமானிய நாட்டுக்குத் துரத்தப்பட்டனர். 1944இல் ஸ்டாலின் ஆட்சி செச்சினியரையும் இங்குஷ் மக்களையும் மத்திய ஆசியாவுக்கு நாடு கடத்தியது.

நிலத்தை இழந்தவர் அதை மீட்கக்கூடும். மகனின் இழந்த இளமையை மீட்க ஷாமிலால் இயலவில்லை. பேரரசுகளின் போர்க்கணக்கில் பிள்ளைகள் தந்த இந்த விலை எழுதப்படுவதில்லை. நம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லும்போது, வாள்களைப் பற்றி மட்டுமன்றி இவர்களைப் பற்றியும் சொல்வோமாக.