ரெசிபி எழுதியவர்கள் வளர்த்த லைப்ரரி

கம்ப்யூட்டர்காரர்கள் ‘லைப்ரரி’ என்றால் புத்தகங்கள் அடுக்கிய கட்டடத்தை நினைத்துவிடாதீர்கள். யாரோ ஏற்கெனவே எழுதி, சோதித்து, எல்லோரும் எடுத்துப் பயன்படுத்த வைத்திருக்கும் நிரல்களின் தொகுப்பு அது. கூடவே கையேடும் வரும். ஆனால் எந்தக் கருவி என்ன செய்யும் என்று கையேடு சொல்லுமே தவிர, நம் கையில் இருக்கும் வேலையை எப்படி முடிப்பது என்று சொல்லாது. பருப்பு, புளி, மிளகாய் என்று மளிகைப் பட்டியலைக் கொடுத்துவிட்டால் சாம்பார் வந்துவிடுமா?

பைத்தான் மொழிக்காரர்கள் இந்தக் குறையைத் தீர்த்துக்கொண்ட வரலாறு எனக்குப் பிடித்தமானது. கிடோ வான் ராஸம் பைத்தானை வெளியிட்டது 1991-ல். பேர்ல் மொழிக்கு 1998-லேயே ஒரு ‘குக்புக்’ வந்துவிட்டது. எழுதியவர்கள் இரண்டு பேர். பைத்தானுக்கோ ஊரே சேர்ந்து சமைத்தது. கனடாவின் ஆக்டிவ்ஸ்டேட் நிறுவனம் ஓர் இணையதளம் திறந்து, யார் வேண்டுமானாலும் ரெசிபி எழுதலாம் என்றது. முதலில் பிரச்சினை, அடுத்து தீர்வு, பிறகு அந்தத் தீர்வு ஏன் சரி என்ற விளக்கம். கீழே மற்றவர்கள் குறை சொல்லலாம், திருத்தலாம். அவற்றில் தேர்ந்தெடுத்தவற்றை அலெக்ஸ் மார்ட்டெல்லியும் டேவிட் ஆஷரும் தொகுக்க, 2002-ல் ஓரைலி பதிப்பகம் ‘பைத்தான் குக்புக்’ என்று வெளியிட்டது. ஒவ்வொரு ரெசிபியிலும் அதைக் கொடுத்தவர் பெயர் இருந்தது.

இதில் என்னைக் கவர்ந்த விஷயம் அடுத்து நடந்தது. நான் சம்பளப் பட்டியல் பிரிவில் வேலை பார்த்தவன். ஓர் ஊழியரின் விவரத்தைப் பெயர், எண், பிரிவு, சம்பளம் என்று வரிசையாக வைத்தால், பைத்தான் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவதால் சம்பளம் 3-ஆம் இடம். நடுவில் ஒரு விவரம் புகுந்தால் 3-ஆம் இடத்தில் வேறு ஏதோ உட்கார்ந்திருக்கும்! இடத்துக்கு எண்ணோடு பெயரும் கொடுக்கும் ஒரு ரெசிபியை ரேமண்ட் ஹெட்டிங்கர் அந்தத் தளத்தில் போட்டார். பலர் பயன்படுத்தினார்கள், கருத்துச் சொன்னார்கள், அது மெருகேறியது. 2008-ல் பைத்தான் 2.6 வந்தபோது ‘நேம்டுடப்பிள்’ என்ற பெயரில் அது லைப்ரரிக்குள்ளேயே இடம் பிடித்தது. லைப்ரரியைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுத்த குறிப்பு, லைப்ரரியின் பகுதியாகவே ஆகிவிட்டது.

திறந்து வைத்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தை அறியாத நிரலாளர் இல்லை. அவர்கள் 2016-ல் இதேபோல் எல்லோரும் சேர்ந்து விளக்கக் குறிப்புகள் எழுத ‘டாக்குமென்டேஷன்’ என்று ஒரு பகுதி தொடங்கினார்கள். எழுதியவர்களுக்கு மதிப்பெண்ணும் கொடுத்தார்கள். மறு வருடமே, 2017 ஆகஸ்ட்டில், மூடிவிட்டார்கள். அவர்களுடைய கேள்வி பதில் பகுதியில் தவிக்கிற ஒருவர் எதிரே இருப்பார்; அவருக்காக எழுதுவோம். இங்கே அப்படி யாரும் இல்லை. பசித்தவர் இல்லாத பந்தியில் பரிமாறுகிறவருக்கு என்ன உற்சாகம் இருக்கும்? இது என் கணிப்பு.

இதையெல்லாம் இந்த வயதில் ஏன் எழுதுகிறேன் என்றால், நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மூத்தவர் ஓய்வு பெற்றால் அவர் அனுபவமும் அவரோடு போய்விடும். சம்பளக் கமிஷன் நிலுவையை எப்படிப் பிரித்துப் போடுவது என்பது நாலு பேர் தலைக்குள்தான் இருந்தது. அதில் மூன்று பேர் இன்று உயிரோடு இல்லை. அதை எழுதி வைக்க அலுவலகத்தில் ஓர் இடமும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஓய்வு பெற இன்னும் ஓரிரு வருடம் இருக்கும் நண்பர்களே, பெரிய புத்தகம் எல்லாம் வேண்டாம். பிரச்சினை, தீர்வு, ஏன். பக்கத்து மேஜைக்காரர் கேட்ட ஒரு கேள்விக்கு இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, பெயரைப் போட்டு, கீழே கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள். அடுத்து வருகிறவர் திருத்துவார்.