கோவளம்: கோட்டை போய் ஹோட்டல் வந்த கதை

தொண்டாமுத்தூர்க்காரனுக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும்னு கேக்காதீங்க. இது சென்னைக்குத் தெற்கே இருக்கிற கோவளம். கேரளாக் கோவளம் இல்லீங்க.

இங்கிருந்த கோட்டையை 1752-ல் ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்துத் தகர்த்தார். அதே மீனவர் ஊருக்கு 1974-ல் தாஜ் குழுமத்தின் 'ஃபிஷர்மேன்ஸ் கோவ்' வந்தது. பேரிலேயே மீனவர்! அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாச்சு, வரிசையா ரிசார்ட்டுகள், மனை விலை எகிறிடுச்சு.

1991 அறிவிக்கை, கிராமக் கடற்கரைகளில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுசா ஹோட்டல் கட்டக்கூடாதுன்னுச்சு. 2004-ல் சுனாமி வந்துச்சு. பாடம் படிச்சிருப்போம்னு பார்த்தா, 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கமான கிராமங்களில் அதை 50 மீட்டராக் குறைச்சிடுச்சு.

படகு நிறுத்த, வலை காயவைக்க குப்பத்துக்காரருக்கு அந்த மணல்தான். அதுக்குப் பத்திரமா இருக்கு? அந்தக் கோடுதாங்க காவல்.