சைதாவின் நிழற்படக்காரர் ஹாஷிம் அல் மதனி

பெய்ரூத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மத்தியதரைக் கடலோரம் அமைந்திருக்கும் பழம்பெரும் துறைமுக நகரம் சைதா. அந்நகரில் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் புகைப்பட நிலையம் நடத்தி, 2017ஆம் ஆண்டில் காலமானவர் ஹாஷிம் அல் மதனி. நகர மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரையாவது தாம் படம் எடுத்திருப்பதாக அவர் சொல்வதுண்டு. கடைக்காரரின் பெருமைப் பேச்சு என்று அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அவர் சேர்த்து வைத்திருந்த நெகடிவ்கள் அத்துணை ஏராளம். ஆயினும், எழுபது வயதை அவர் எட்டும் வரை சைதாவுக்கு வெளியே அவரை அறிந்தவர் மிகச் சிலரே.

1928இல் சைதாவில் பிறந்த இவருடைய தந்தையார், வக்ஃபு நிர்வாகத்தின் சார்பில் மதீனாவிலிருந்து அந்நகருக்கு வந்த ஷைகு ஒருவர். 'மதனி' என்னும் பெயரே அந்த ஊர்த் தொடர்பைக் காட்டுகிறது. ஷைகின் மகன் உருவப்படம் எடுப்பதைத் தொழிலாகக் கொண்டது இன்று சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் அதற்குப் பல்லாண்டுகள் முன்பே, 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல் முதீஈ, கேமராவால் எடுக்கும் படம் ஆகுமானதே என வாதிட்டு ஒரு நூல் எழுதியிருந்தார். புகைப்படக்காரர் எதையும் படைப்பதில்லை. முன்பே உள்ள நிழலைத் தடுத்து நிறுத்துகிறார் என்பதே அவ்வாதத்தின் சாரம். மாற்றுக் கருத்துடைய உலமாக்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். நம் மொழியில் 'நிழற்படம்' என்ற சொல் வழங்குவதை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

வேலை தேடி 1947இல் ஃபலஸ்தீனத்தின் ஹைஃபா நகருக்குச் சென்ற இளைஞர் மதனி, காட்ஸ் என்னும் யூதப் புகைப்படக்காரரிடம் உதவியாளராகச் சேர்ந்து தொழில் கற்றார். 1948ஆம் ஆண்டுப் போர் அந்த வாழ்வைக் குலைத்தது. ஊர் திரும்பியவர், பெற்றோர் வீட்டு வரவேற்பறையையே படப்பிடிப்பு இடமாக்கிக் கொண்டார். கேமராவைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவிலும் அலைந்தார். 1953இல் ஷஹ்ரஸாத் திரையரங்கக் கட்டடத்தின் முதல் மாடியில் 'ஸ்டூடியோ ஷஹ்ரஸாத்' திறக்கப்பட்டது. அடையாள அட்டைக்குப் படம் வேண்டியவர்கள், மணமக்கள், திரைப்பட நடிகரைப் போல் நிற்க ஆசைப்பட்ட இளைஞர்கள், பிற்காலத்தில் துப்பாக்கி ஏந்திய ஃபலஸ்தீனப் போராளிகள் என எல்லோரும் அந்தப் படிகளில் ஏறினார்கள்.

இவ்வாழ்வை ஆராய முற்பட்டவர் அதே சைதாவில் 1966இல் பிறந்த அக்ரம் ஸஅதரீ. அரபு நாடுகளின் புகைப்படங்களைத் திரட்டிக் காக்க 1997இல் பெய்ரூத்தில் தொடங்கப்பெற்ற அரபுப் படிம அறக்கட்டளையின் நிறுவனர்களுள் ஒருவர். அழகிய படங்களைப் பொறுக்கி எடுத்து 'கலைஞர்' என்று ஒருவருக்கு முடிசூட்டுவது இத்துறையில் வழக்கம். ஸஅதரீ அவ்வழியில் செல்லவில்லை. ஸ்டூடியோ முழுவதையும் ஒரே ஆவணமாகக் கருதினார். முதியவர் மதனியை அருகில் இருத்தி, யார் இவர், எதற்காக வந்தார், ஏன் இப்படி நின்றார் என்று கேட்டுக்கேட்டுப் பதிவு செய்தார். அவ்வாறு கேட்டதனால்தான் கீழே வரும் செய்தி நமக்குக் கிடைத்தது.

1957இல் எடுக்கப்பட்ட பெண்ணொருவரின் நெகடிவ்கள் சிலவற்றில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள் இருந்தன. காலத்தால் நேர்ந்த சிதைவாக அவை தோன்றவில்லை. மதனி விவரம் சொன்னார். கணவரின் அனுமதியின்றி அப்பெண் ஸ்டூடியோவுக்கு வந்து படம் எடுத்துக்கொண்டார். அதை அறிந்த கணவர் சினத்துடன் வந்து நெகடிவ்களைக் கேட்டார். செலவைக் குறைக்க 35 மில்லிமீட்டர் சுருளைப் பயன்படுத்தியவர் மதனி. ஒரே சுருளில் வேறு பல வாடிக்கையாளர்களின் முகங்களும் இருந்தன. ஆகவே வெட்டித் தர அவர் இணங்கவில்லை. இறுதியில், கணவர் பார்த்திருக்க, ஊசியால் அப்படங்களை மட்டும் கீறினார். ஆண்டுகள் சில சென்றன. கணவரின் கொடுமை தாளாமல் அப்பெண் தீக்குளித்து இறந்துபோனார். அதன் பிறகு அதே கணவர் ஸ்டூடியோவின் படியேறி வந்தார். மனைவியின் படங்களைப் பெரிதாக்கித் தர முடியுமா, தாம் அறியாத வேறு படங்கள் ஏதேனும் உண்டா என்று கேட்டார்.

கீறல் விழுந்த அப்படங்களைப் பிற்காலத்தில் ஸஅதரீ பெரிதாக்கிக் காட்சிக்கு வைத்தார். அப்பெண்மணியின் குடும்பப் பெயர் காட்சிக்கூடங்களின் குறிப்புகளில் உள்ளது; இங்கே அதை எழுத நான் விரும்பவில்லை. ஸ்டூடியோக்காரரிடம் தங்கும் நெகடிவ் ஓர் அமானிதம். ஆனால் யாருடைய அமானிதம்? மதனி கணவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டார். தம் முகம் பதிவாக வேண்டும் என்று விரும்பி வந்தவரோ அப்பெண். காட்சிக்கு வைப்பது அவர் விருப்பத்தை நிறைவேற்றுகிறது எனலாம். தமக்கென எடுத்துக்கொண்ட படத்தை அந்நியர் பார்வைக்கு விடுவது அவருக்கு இழைக்கும் மற்றோர் அநீதி எனவும் கொள்ளலாம். என் மனம் இரண்டாவது பக்கமே சாய்கிறது. எனினும் ஒன்றை மறுப்பதற்கில்லை. கீறல்கள் இல்லாதிருந்தால், நெகடிவ்கள் குப்பைக்குப் போயிருந்தால், அவர்பட்ட துன்பத்துக்குச் சாட்சியே இருந்திராது.

2004இல் லண்டனிலும் பின்னர் பல நகரங்களிலும் மதனியின் படங்கள் காட்சிக்கு வந்தன. அவற்றுள் எனக்கு மிகவும் பொருத்தமாகப்பட்டது 2007இல் சைதாவிலேயே நடந்த காட்சி. கடைத்தெருவில் அலைந்த நாட்களில் மதனி எடுத்த வணிகர்களின் படங்கள், எந்த அருங்காட்சியகச் சுவருக்கும் போகாமல், பழைய நகரின் சந்தைக் கடைகளிலேயே மாட்டப்பட்டன. தராசுக்கும் சரக்குக்கும் இடையே தொங்கிய அப்படங்களின் கீழ், பொருள் வாங்க வந்தவர்கள் நின்று, இவர் இன்னார் என்று ஒருவருக்கொருவர் அடையாளம் சொல்லிக்கொள்ள முடிந்தது.